பக்கங்களுக்கு முன் வந்த பட்டியல்

ஓர் இணையதளத்தை உருவாக்குவோர் அதன் தோற்றத்துக்கும் நிரலுக்கும் மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கிவிட்டு, அதில் இடம்பெற வேண்டிய எழுத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுவது இத்துறை தோன்றிய நாள்முதல் தொடர்ந்துவரும் வழக்கமாகும். எதை எழுதுவது, யாருக்காக எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, எழுதியதை யார் பொறுப்பேற்றுத் திருத்திவருவது ஆகிய கேள்விகளுக்குப் பணி தொடங்குமுன்பே விடை கண்டு பதிந்துவைப்பதை உள்ளடக்கத் திட்டமிடல் என்பர். இத்திட்டமிடல் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதையும், அது வந்தபின் என்ன மாறுகிறது, என்ன மாறாமல் நிற்கிறது என்பதையும் ஒருசேரக் காட்டும் வரலாறு பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கு உண்டு. முப்பதாண்டுகளுக்குள் அவை பல்கிப் பெருகின. பின்னர் ஒன்றாகக் குறுகின. குறுகிய அந்த ஒன்றும் மீண்டும் பெருத்தது.

அச்சுக் காலத்தில் இக்கேள்விகளைத் தவிர்க்க வழியில்லாதிருந்தது. அரசு அலுவலகங்களுக்கு எழுதுபொருள் வாங்கித் தருவதற்காக 1786-இல் நிறுவப்பட்டுப் பின்னர் அரசின் அச்சு, வெளியீட்டு வேலைகளையும் ஏற்றுக்கொண்ட அரச எழுதுபொருள் அலுவலகம் என்ற அமைப்பின் வழியாகவே பிரிட்டன் அரசின் பெரும்பாலான வெளியீடுகள் மக்களைச் சென்றடைந்தன. ஒரு கையேட்டை அச்சிட வேண்டுமானால் எத்தனை படிகள், எத்தனை பக்கங்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்கு முதலில் வந்தாக வேண்டும். தாளும் அச்சுக்கூலியும் ஏறும்போது எழுத்து தானாகவே சுருங்கும். இந்தக் கட்டுப்பாட்டை எவரும் உள்ளடக்கத் திட்டமிடல் என்று அழைக்கவில்லை என்றாலும், அந்த வேலையைச் செலவுக் கணக்கு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது எனலாம். அவ்வலுவலகத்தின் பெரும்பகுதி 1996-இல் தனியாருக்கு விற்கப்பட்டது. கூடுதலாக ஒரு பக்கம் வெளியிட ஏறத்தாழ எச்செலவும் இல்லாத புதிய ஊடகம் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வையவிரிவலை 1991 ஆகஸ்டில் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ மூன்றாண்டுகளில், 1994-இல், பிரிட்டன் அரசின் கணினி, தொலைத்தொடர்புப் பணிகளைக் கவனித்துவந்த மைய முகமை ‘ஓபன்.கவ்.யூகே’ என்ற முகவரியில் அரசுத் தகவல் தளம் ஒன்றைத் தொடங்கியது. அது பெரும்பாலும் ஒரு திசைகாட்டிப் பலகையாகவே இருந்தது. அமைச்சகங்களின் பெயர்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன, பெயரைச் சொடுக்கினால் அந்தந்த அமைச்சகத்தின் பக்கம் திறந்தது. ஒவ்வோர் அமைச்சகமும், அதன் கீழிருந்த ஒவ்வொரு முகமையும், சில வேளைகளில் முகமைக்குள்ளிருந்த ஒவ்வொரு பிரிவும் தனித்தனித் தளம் அமைத்துக்கொண்டன. தளத்தின் வரைபடம் என்று தனியாக ஒன்றை யாரும் வரைய வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் அலுவலகத்தின் பதவிப் படிநிலையே அங்கு வரைபடமாக ஆகிவிட்டது. அமைச்சரின் படமும் வரவேற்புரையும் முதலில். பிரிவுகளின் பட்டியல் அடுத்து. மக்கள் தேடிவரும் படிவம், எந்தப் பிரிவு அதை அச்சிடுகிறதோ அப்பிரிவின் பக்கத்துக்குள் எங்கோ. எந்தப் பிரிவு எந்தப் படிவத்தை அச்சிடுகிறது என்பது மக்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற எடுகோளின்மீது அந்த ஏற்பாடு முழுவதும் நின்றது.

வடிவமைப்பாளரின் மேசையிலும் எழுத்துக்கு இருந்த மதிப்பு அவ்வளவே. இதற்குச் சான்றாக நிற்பது ‘லோரம் இப்சம்’ எனத் தொடங்கும் பொருளற்ற இலத்தீன் வரிகள். உரோமப் பேச்சாளர் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய மெய்யியல் நூலொன்றின் சொற்களைச் சிதைத்தும் கலைத்தும் ஆக்கப்பட்ட இவ்வரிகளை, பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதற்கான இடநிரப்பியாக 1960-களில் லெட்ராசெட் நிறுவனத்தின் ஒட்டெழுத்துத் தாள்கள் பரப்பின. 1980-களில் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள் அவற்றைக் கணினிக்குள் கொண்டுவந்தது. அச்சுப் பக்கத்தில் இதனால் பெருந்தீங்கு விளையவில்லை, அங்கே கட்டுரை வேறொருவர் கையில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருக்கும். இணையப் பணிகளிலோ, பெட்டிகளும் பத்திகளும் முதலில் வரையப்பட்டு, பொய்யெழுத்தால் நிரப்பப்பட்டு, மேலதிகாரிகளின் ஒப்புதலும் பெற்றுவிட்ட பிறகே உண்மையான எழுத்து தேடப்பட்டது. அப்படித் தேடப்படும்போது அகப்படுவது பழைய துண்டுப் பிரசுரமும் ஆண்டறிக்கையுமாகத்தான் இருக்கும்.

டோனி பிளேர் தலைமையிலான தொழிற்கட்சி அரசு இந்நிலையை மாற்ற முனைந்தது. ஆனால் அதன் அளவுகோல் எண்ணிக்கையாக இருந்தது. 1999 மார்ச்சில் வெளியான அரசு நவீனமயமாக்கல் குறித்த வெள்ளை அறிக்கை, அதாவது சட்டமாக்குமுன் அரசு தன் கொள்கையை அறிவிக்கும் ஆவணம், எல்லாச் சேவைகளும் 2008-க்குள் மின்வழியில் கிடைக்க வேண்டும் என இலக்கு வைத்தது. அவ்விலக்கு பின்னர் 2005-க்கு முன்தள்ளப்பட்டது. இத்தனை விழுக்காடு என்று கணக்குக் காட்ட வேண்டிய துறைகள் கையில் கிடைத்ததையெல்லாம் தளத்தில் ஏற்றின. இதனூடே ஒரு நல்ல சிந்தனையும் முளைத்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ‘யூகே ஆன்லைன்’ என்ற நுழைவாயில் தளம், துறைகளின் பெயர்களுக்குப் பதிலாக வாழ்க்கை நிகழ்வுகள் என்ற தலைப்பின்கீழ்த் தகவல்களைத் தொகுத்தது: குழந்தைப் பேறு, வீடு மாறுதல், வண்டியோட்டக் கற்றல், குடும்பத்தில் இறப்பு போன்றவை. ஒருவருக்குக் குழந்தை பிறக்கும்போது அவர் மருத்துவத் துறை, வரித் துறை, ஓய்வூதியத் துறை எனப் பிரிந்து நிற்பதில்லை என்ற உண்மையை ஓர் அரசுத் தளம் ஏற்றுக்கொண்டது பெரிய செயல். எனினும் முகப்பு மட்டுமே மாறியிருந்தது. இணைப்பைத் தொடர்ந்து சென்றவர் வந்துசேர்ந்தது அதே பழைய துறைத் தளங்களுக்குத்தான். அங்கிருந்த எழுத்தை எவரும் திரும்ப எழுதவில்லை.

அதற்கு மாற்றாக 2004-இல் ‘டைரக்ட்கவ்’ வந்தது. இதற்கென மைய ஆசிரியர் குழு இருந்தது, குடிமக்களுக்கான எழுத்து இங்கேயே எழுதப்பட்டது; வணிகர்களுக்கு ‘பிசினஸ் லிங்க்’ என்ற இணைத் தளம் செயல்பட்டது. அரசுச் சேவைகளை ஆராய அமர்த்தப்பட்ட சர் டேவிட் வார்னி 2006 டிசம்பரில் அளித்த அறிக்கை துறைத் தளங்களை இவ்விரண்டினுள் ஒடுக்கப் பரிந்துரைத்தது. அடுத்த மாதம் அரசு தன் தளங்களை எண்ணிப்பார்த்தபோது 951 தளங்கள் கணக்கில் வந்தன. அவற்றுள் 551 மூடப்படும் என்றும், உறுதியாக நீடிக்கப்போவது 26 மட்டுமே என்றும் அறிவிக்கப்பட்டது. அதே 2007-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, அரசு அமைப்புகளுள் கால்பங்குக்கு மேற்பட்டவற்றால் தம் தளத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைக்கூட மதிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. செலவே தெரியாத இடத்தில், எந்தப் பக்கம் எதற்காக இருக்கிறது என்று கேட்பாரும் இருந்திருக்க வழியில்லை.

திட்டமின்மையின் இன்னொரு விளைவு நாடாளுமன்றத்திலேயே தென்பட்டது. உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அமைச்சர்கள் அளிக்கும் எழுத்துமூல விடைகளில், விவரம் இன்ன இணைய முகவரியில் உள்ளது என்று சுட்டிவிடும் பழக்கம் வளர்ந்திருந்தது. அவ்விடைகள் ‘ஹான்சார்டு’ எனப்படும் அவை நடவடிக்கைப் பதிவில் நிலையாக அச்சேறின; சுட்டப்பட்ட பக்கங்களோ நிலைக்கவில்லை. 1997 முதல் 2006 வரையிலான பதிவுகளில் காணப்பட்ட அரசு இணைய முகவரிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 60 விழுக்காடு செத்த இணைப்புகளாக இருந்தன. இணைய முகவரி ஒருமுறை வெளியானால் மாறக்கூடாது, மாறுகிறதென்றால் அது தொழில்நுட்பத்தின் குற்றமன்று, முன்யோசனை இல்லாததன் குற்றமே என்று பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே வாதிட்டிருந்தார். சட்டமியற்றும் அவைக்கு அளிக்கப்பட்ட விடையே பத்தாண்டுக்குள் வெறுமையாகிப்போன பின்னர்தான் அந்த வாதம் அதிகாரிகளின் காதில் விழுந்தது. இதன் தொடர்ச்சியாகப் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் அரசுத் தளங்களை முறையாகப் படியெடுத்து, பழைய முகவரிக்கு வருவோரைக் காப்பகப் படிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டை மேற்கொண்டது.

இதே ஆண்டுகளில் இந்தியாவில் உள்ளடக்கத் திட்டம் வேறொரு வாசல் வழியாக, சட்டத்தின் வாசகமாகவே வந்தது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, எவரும் மனு எழுதிக் கேட்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டியவற்றைப் 17 இனங்களாக வரிசைப்படுத்துகிறது: அமைப்பின் கடமைகள், அலுவலர்களின் அதிகாரங்கள், முடிவெடுக்கும் நடைமுறை, மாத ஊதியம், ஒதுக்கீடு, மானியத் திட்டங்கள், பொதுத் தகவல் அலுவலரின் பெயர் எனச் செல்லும் அப்பட்டியலை 120 நாள்களுக்குள் வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. பின்னர் 2009-இல் வந்த இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள், ஒரு பக்கத்தை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புதல் தருவது, எப்போது மறுபார்வையிடுவது, காலாவதியானதை எப்படிக் காப்பகத்துக்கு மாற்றுவது என்பனவற்றுக்கு ஒவ்வொரு துறையும் எழுத்துமூலக் கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றன. காகிதத்தில் இவை தெளிவானவையே. குறை பட்டியலின் தலைப்புகளில் இருந்தது. 17 இனங்களில் பெரும்பாலானவை அலுவலகத்தைப் பற்றியவை. அலுவலகத்துக்கு வருபவரின் காரியத்தைப் பற்றியவை அல்ல. வெளிப்படைத்தன்மைக்கென வகுத்த பட்டியலைத் தளத்தின் அமைப்பாகவே எடுத்துக்கொண்ட துறைகளில், வருமானச் சான்றிதழுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று தேடியவருக்கு முதலில் அகப்பட்டது அமைப்பு விளக்க வரைபடம்.

அமெரிக்காவில் இதற்குள் தொழில்முறை எழுத்தாளர்களிடையே ஓர் இயக்கம் உருவாகியிருந்தது. இணையத்தில் மக்கள் சொல் சொல்லாகப் படிப்பதில்லை, கண்ணை ஓட்டிப் பொறுக்குகிறார்கள் என்பதை யாக்கோப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வு சொல்லிவிட்டது. சோதிக்கப்பட்டவர்களில் 79 விழுக்காட்டினர் அப்படித்தான் செய்தனர். பின்னர் ரேச்சல் லவிங்கரின் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையும், கிறிஸ்டினா ஹால்வர்சன் 2008-இல் எழுதிய கட்டுரையும் 2009-இல் வெளியிட்ட நூலும் ‘உள்ளடக்க உத்தி’ என்ற பெயரில் இத்துறைக்கு எல்லை வகுத்தன. அவர்கள் வாதத்தின் சாரம் எளியது: எழுத்து என்பது பெட்டியை நிரப்பும் பொருளன்று, அதை உருவாக்கவும் பேணவும் நீக்கவும் தனியாகப் பொறுப்பாளரும் காலக்கெடுவும் வேண்டும். வாதம் அச்சேறியதே தவிர, ஒரு நாட்டின் முழு அரசையும் அதன்கீழ்க் கொண்டுவரும் சோதனை இன்னும் நடக்கவில்லை.

அச்சோதனைக்கு வழி திறந்தது பிரிட்டனில் 2010-இல் பதவியேற்ற கூட்டணி அரசு. பயணச் சலுகை விற்பனைத் தளமொன்றின் இணை நிறுவனரான மார்த்தா லேன் ஃபாக்ஸ், அமைச்சரவை அலுவலக அமைச்சர் பிரான்சிஸ் மாடுக்கு எழுதிய மடல் அவ்வாண்டு நவம்பரில் வெளியானது. டைரக்ட்கவ் தளத்தைச் செப்பனிடுவது பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டவர், செப்பனிடுவது போதாது, எல்லாத் துறைகளின் இணைய எழுத்தின்மீதும் முழு அதிகாரம் கொண்ட ஒரு மையக் குழு வேண்டும் என்று விடையளித்தார். அதன்படி டாம் லூஸ்மோர் முதலிய சிலர் அடங்கிய சிறு குழு இலண்டனின் லாம்பெத் பகுதியில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தில் அமர்ந்து, மூன்று மாத அளவில், 2,61,000 பவுண்டு செலவில் ஒரு மாதிரித் தளத்தை 2011 மே மாதம் வெளியிட்டது. ‘கார்டியன்’ நாளிதழிலிருந்து வந்த மைக் பிராக்கன் அதே கோடையில் இப்பணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆண்டு முடிவதற்குள் ‘அரசு டிஜிட்டல் சேவை’ என்ற அமைப்பு முறைப்படி தொடங்கப்பட்டது.

இக்குழு பழைய தளங்களின் பக்கங்களை எடுத்துத் திருத்தத் தொடங்கவில்லை. முதலில் அது தேவைப் பட்டியல் ஒன்றை உருவாக்கியது. அதற்கென எழுதிய சிறு கருவிக்கு ‘நீடோட்ரான்’ என்று விளையாட்டாகப் பெயரும் வைத்தது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது: இன்னார், இன்னது செய்ய வேண்டும், இன்ன காரணத்துக்காக. ‘ஊர்தி உரிமையாளர், சாலை வரி கட்ட வேண்டும், சட்டப்படி வண்டியோட்டுவதற்காக’ என்பது போல. வரியை எழுதியவர் சான்றும் காட்ட வேண்டியிருந்தது. தேடுபொறியில் மக்கள் தட்டிய சொற்கள், பழைய தளத்தின் வருகைக் கணக்கு, உதவி மையத்துக்கு வந்த தொலைபேசிக் கேள்விகள் ஆகியவை சான்றாயின. பின்பு ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: இதைச் செய்ய அரசால் மட்டுமே முடியுமா? டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் காலத்தில் தேனீ வளர்ப்போருக்கான அறிவுரை போன்றவைகூட அரசு எழுத்தில் சேர்ந்திருந்தன. தேனீ வளர்ப்பவருக்கு அதைப் பற்றி அரசைவிட நன்றாகத் தெரியும், தெரியாதவருக்குச் சொல்லித்தர வளர்ப்போர் சங்கங்கள் உண்டு என்ற காரணத்தால் அத்தகையவை பட்டியலிலேயே அடித்து நீக்கப்பட்டன. எழுதப்பட்ட ஒரு பக்கத்தை நீக்குவதற்கு ஓர் அலுவலகத்தோடு சண்டையிட வேண்டும்; எழுதப்படாத ஒரு வரியை நீக்க ஒரு கோடு போதும். பட்டியலை முன்னே வைத்ததன் பெரும்பயன் இதுதான் எனல் தகும்.

தேறிய வரிகளுக்கு அடுத்தபடியாக வடிவம் ஒதுக்கப்பட்டது. ஒற்றை விடை போதுமானதா, பல பகுதிகள் கொண்ட வழிகாட்டி வேண்டுமா, கேள்விமேல் கேள்வி கேட்டு அவரவர் நிலைக்கேற்ற விடைக்குக் கொண்டுசெல்லும் வினாத்தொடர் வேண்டுமா என்பது எழுதுமுன் முடிவாயிற்று. இதில் அரசு விடுமுறை நாள் பக்கம் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அப்பக்கத்தைத் திறந்ததும் பச்சைப் பட்டையொன்றில் அடுத்த விடுமுறையின் நாள் பெரிய எழுத்தில் நிற்கிறது. அதன்கீழ் ஆண்டின் பிற நாள்கள் அட்டவணையாக வருகின்றன. இங்கிலாந்து-வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் விடுமுறைகள் வேறுபடுவதால் மூன்று தனித் தாவல்கள் உள்ளன. விடுமுறை வழக்கம் எப்படித் தோன்றியது, அதற்கான சட்டம் எது என்ற விளக்கம் அங்கில்லை. பெரும்பாலானோர் அடுத்த விடுமுறை என்றைக்கு என்று பார்க்கவே வருகிறார்கள் என்ற ஒரே முடிவிலிருந்து அப்பக்கத்தின் ஒவ்வோர் அங்கமும் பிறந்தது. வடிவமைப்பாளர் அந்த முடிவுக்குப் பிறகே மேசைக்கு வந்தார்.

எழுதும் முறையும் மாறிற்று. சேரா ரிச்சர்ட்ஸ் தலைமையில் இயங்கிய எழுத்துக் குழுவினர் தம்மை உள்ளடக்க வடிவமைப்பாளர் என்று அழைத்துக்கொண்டனர். தம் வேலை துறை அனுப்பும் வரிகளைச் செப்பம் செய்வதன்று, தேவைக்கு விடை எந்த உருவில் அமைய வேண்டும் என்று தீர்மானிப்பது என்பது அவர்கள் நிலைப்பாடு. ஒன்பது வயதில் ஒரு குழந்தை எழுத்துக்கூட்டாமல் பார்த்தவுடன் அறியும் சொற்களின் அளவில் வாக்கியங்கள் இருக்க வேண்டும் என்று நடைக் கையேடு விதித்தது. தலைப்பில் சட்டத்தின் சொல்லைவிட மக்கள் தேடுபொறியில் தட்டும் சொல்லே முந்தியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பின்னரே அது வெளியாகும். இந்த இரண்டாம் பார்வைக்கு அலுவலக வழக்கில் ‘டூ-ஐ’ என்று பெயர். அதன்பின் வரைவு துறை வல்லுநருக்குச் செல்லும். அங்கேதான் உரசல்கள் எழுந்தன. வல்லுநர் தகவல் பிழைகளை மட்டுமே சுட்டலாம், நடையைத் திருத்தக்கூடாது என்பது விதி. தாம் பல ஆண்டுகள் பேணிய பத்தி மூன்று வரியாகச் சுருங்கித் திரும்பியதைக் கண்ட அதிகாரிகளுக்கு அது கசந்ததில் வியப்பில்லை. சட்ட வாசகத்தில் ஒரு நிபந்தனை விடுபட்டாலும் வழக்கில் போய் முடியும் என்ற அவர்களின் அச்சமும் வெற்று அச்சமன்று.

2012 அக்டோபர் 17 அன்று ‘கவ்.யூகே’ திறக்கப்பட்டு, டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் இரண்டும் அணைக்கப்பட்டன. அந்த நாளுக்கான ஆயத்தங்களில் மிகச் சலிப்பானதும் மிகப் பயனுள்ளதுமான வேலை ஒன்று உண்டு. இரு பழைய தளங்களின் முகவரிகள் அனைத்தும் அட்டவணையில் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய பக்கத்தின் முகவரி எழுதப்பட்டது. புதிய பக்கம் இல்லையெனில், அப்பக்கம் நிலையாக நீக்கப்பட்டது என்ற அறிவிப்பும் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள படிக்கான இணைப்பும் காட்டப்பட்டன. பழைய துண்டறிக்கையில் அச்சான முகவரியைத் தட்டியவர்கூட வெறும் பிழைச் செய்தியில் முட்டி நிற்கக்கூடாது என்பதே நோக்கம். ஹான்சார்டு இணைப்புகள் செத்த பாடம் அந்த அட்டவணையில் இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அத்தளத்துக்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அளித்தது. கட்டடங்களையும் பொருள்களையும் வென்று ஓர் அரசுத் தளம் அவ்விருதைப் பெற்றது செய்தியாயிற்று. பாராட்டியவர்கள் எழுத்துருவையும் வெண்ணிற வெளியையும் பேசிய அளவுக்குத் தேவைப் பட்டியலைப் பேசவில்லை.

தொடர்ந்து நடந்தது அத்தனை செம்மையானதன்று. அமைச்சகங்களின் தளங்கள் 2012 நவம்பர் முதலும், அவற்றின் கீழிருந்த 300-க்கும் மேற்பட்ட முகமைகளின் தளங்கள் 2014 இறுதிக்குள்ளும் புதிய தளத்துக்கு மாற்றப்பட்டன. முதல் கட்டத்தில் சில ஆயிரம் தேவைகளைத் தேர்ந்தெழுதக் கிடைத்த அவகாசம் இரண்டாம் கட்டத்தில் கிடைக்கவில்லை. பொதுமக்களுக்கான சுருக்க விடை எழுதுவதில் தேர்ந்த கைகள், வரி ஆலோசகரும் குடிவரவு வழக்கறிஞரும் நாள்தோறும் புரட்டும் நுணுக்க விதிகளிலும் அதே கத்தரியை வைத்தபோது முறையீடுகள் குவிந்தன. தாம் அறிந்த பழைய இடத்திலிருந்த விவரத்தைப் புதிய தளத்தில் காண முடியவில்லை என்பது அவர்களின் குறை. இதைத் திட்டமிடலின் தோல்வி என்பதைவிடப் பட்டியலில் சிலர் விடுபட்டதன் தோல்வி என்பதே சரி. தேவை என்பது ‘யாருடைய தேவை’ என்ற முதற்சொல்லோடுதான் தொடங்குகிறது. பொதுக் குடிமகன் என்ற ஒருவரை மட்டும் அச்சொல்லில் வைத்துவிட்டால், கோடிக்கணக்கானோருக்காக அந்த விதிகளைப் படித்து நடைமுறைப்படுத்தும் சில ஆயிரம் வல்லுநர்கள் கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள்.

துறைகளுக்குத் தாமே வெளியிடும் வசதி தரப்பட்டதும் பழைய நோய் திரும்பியது. வெளியிடும் அதிகாரம் நூற்றுக்கணக்கான அலுவலகங்களில் பரவியது; தேவையைப் பதிவுசெய்யும் கட்டாயம் மங்கிற்று. 2010-களின் பிற்பகுதியில் தளத்தின் உள்ளடக்க உருப்படிகள் மூன்று லட்சத்தைத் தாண்டின. ஒரே முகவரியின்கீழ் இருந்தனவே தவிர, ஒரே பொருளைப் பற்றிப் பல அலுவலகங்கள் வெவ்வேறாக எழுதிய பக்கங்கள் மீண்டும் அருகருகே நின்றன. இதற்கு விடையாக 2018-இல் அறிமுகமானது ‘படிப்படி’ வழிகாட்டி. அதன் தொடக்க எடுத்துக்காட்டுகளுள் ஒன்று வண்டியோட்டக் கற்பது: பழகுநர் உரிமம் பெறுதல், எழுத்துத் தேர்வுக்குப் படித்தல், தேர்வுக்குப் பதிவுசெய்தல், செய்முறைத் தேர்வு என்று எண்ணிட்ட வரிசை. உரிமம் தருவது ஒரு முகமை, தேர்வு நடத்துவது இன்னொன்று. கற்பவர் அதை அறியவேண்டிய அவசியம் ஏற்படாத வகையில் வரிசை கோக்கப்பட்டது. யூகே ஆன்லைன் முகப்பில் அதே தலைப்பு வைத்துப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று இணைப்புகள் மட்டும் இருந்தன. இம்முறை இரு முகமைகளின் எழுத்தாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்தப் படி யாருடையது என்று பிரித்துக்கொண்டு எழுதினர்.

அண்மை ஆண்டுகளில் உள்ளடக்கத் திட்டமிடலின் தேவைக்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து அழுத்தம் வந்துள்ளது. கேள்வியை இயல்பான மொழியில் கேட்டால் தளத்தின் பக்கங்களைப் படித்து விடை தொகுத்துத் தரும் செயற்கை நுண்ணறிவு உரையாடி ஒன்றை அரசு டிஜிட்டல் சேவை சோதித்து, 2024 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டது. பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் விடைகள் பயனுள்ளவை என்றனர்; ஆயினும் சில விடைகள் தவறாக இருந்தன, அரசின் பெயரால் வெளிவரும் தகவலுக்கு வேண்டிய துல்லியம் எட்டப்படவில்லை என்று அவ்வறிக்கையே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட அடுத்த சோதனை 15,000 பேர் வரையிலான வணிகப் பயனர்களுக்கென வரையறுக்கப்பட்டு, வணிகம் சார்ந்த 30 பக்கங்களிலிருந்து மட்டுமே அணுகத்தக்கதாக அமைந்தது. ஒன்றுக்கொன்று முரண்படும் இரு பக்கங்களைப் பார்க்கும் மனிதர் தேதியைப் பார்த்தோ துறையைத் தொலைபேசியில் கேட்டோ தெளிவுபெறுவார். இயந்திரம் இரண்டையும் கலந்து ஒரு நம்பிக்கையான வாக்கியமாகத் தந்துவிடக்கூடும். ஆகவே எந்தப் பக்கம் நடப்பிலுள்ளது, எது காலாவதியானது, எதற்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று குறித்துவைக்கும் வேலை, 2011-இல் நீடோட்ரான் பட்டியல் எழுதியவர்கள் செய்ததைப் போலவே, பக்கம் பக்கமாக மனிதக் கைகளால் மறுபடியும் செய்யப்பட வேண்டியதாகியிருக்கிறது. அன்று சில ஆயிரம் வரிகளாக இருந்த அப்பட்டியலுக்கு இன்று பல லட்சம் உருப்படிகள் காத்திருக்கின்றன.